கப்பலில் வந்த பந்து

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். போன மாதம் வார் அறுந்த செருப்பை அவரிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்த யாரோ ஒரு பெரியவரின் தோல் செருப்பு அவர் கையில் இருந்தது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, விறைத்துக் கிடந்த செருப்பு. விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு அதற்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சிலோன் மாமா வீட்டுத் திண்ணை கண்முன் வந்துவிட்டது. மாமா மடியில் பந்தை வைத்துக்கொண்டு இதே மாதிரிதான் எண்ணெய் தேய்ப்பார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பந்தைத் தெரியாது. தடித்த பழுப்புத் தோலை நீள நீளத் துண்டாக வெட்டித் தைத்தது. உள்ளே ரப்பர் பிளாடர். அதன் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்து, குழாயை மடக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே திணித்து, வாயை லேஸ் போட்டுத் தைக்க வேண்டும். நூல் கட்டும்போது காற்று வெளியேறாமல் குழாயை ஒருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. "விட்டுறாத தாயி, இந்தா முடிஞ்சிருச்சு" என்பார் மாமா. கட்டைவிரல் வெளுத்துப் போகும்வரை பிடித்திருப்பேன். லேஸ் இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் தலையால் முட்டப் போகிறவன் பந்து எந்தப் பக்கமாகச் சுழன்று வருகிறது என்று பார்த்துத்தான் குதிப்பான். மழையில் நனைந்துவிட்டால் கனம் ஏறிவிடும். அதற்குத்தான் விளக்கெண்ணெய்.

அந்தப் பந்து இலங்கையிலிருந்து கப்பலில் வந்தது. எழுபதுகளின் தொடக்கம். நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, மதுரையிலிருந்து போடிக்கு வரும் ரயிலில் மாமா குடும்பம் வந்து சேர்ந்தது. அந்தத் தண்டவாளம் போடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மலைதான். எங்கள் தெருக் கடைசியில் காலியாகக் கிடந்த வீட்டில் குடிவந்தார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு ரேடியோ, இரண்டு சாக்கில் பாத்திரம் பண்டம். தகரப் பெட்டிக்குள் அத்தையின் சேலைகளுக்கு நடுவே காற்றிறங்கிச் சப்பையாக மடிந்து கிடந்தது பந்து. எங்கள் அப்பத்தா பார்த்துவிட்டு, "கண்டிச் சீமையில இருந்து இம்புட்டுத் தூரம் வந்தவுக ஒரு குத்துப்போணியக் கொண்டாந்திருக்கலாம்ல" என்றாள். அத்தை சிரித்துவிட்டு, "அத விட்டுட்டு வாங்கன்னா அவரும் அங்கயே நின்னுருவாரும்மா" என்றார்.

மாமா பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவர் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். தாத்தா காலத்தில்தான் மதுரைச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிப்போக, கடல் தாண்டி, காடு தாண்டி நடந்து போனார்கள். ஆனாலும் 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாகிப் போனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்பதைப் பத்தாண்டு கழித்து 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை நான். ஒவ்வொரு முறை கரும்பலகையில் எழுதும்போதும், அந்த எண்ணுக்குள் மாமாவும் அத்தையும் அவர்களுடைய பெண்பிள்ளைகள் இருவரும் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்து கை தயங்கும். மாமாவின் தங்கை இலங்கைக் கணக்கில் விழுந்தாள். ஹட்டன் ஸ்டேஷனில் அவள் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மாமா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே மாமா ஏலத்தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கினார். விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும். எங்கள் ஊர்ப் பெண்களும் ஆண்களும் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். தேயிலையில் நிமிர்ந்து நின்று கொழுந்து கிள்ளுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஏலச் செடியின் தூரில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் சரத்தில் குத்தவைத்துக் காய் எடுப்பது பழக நாளாயிற்று. பிறகு ஸ்டோரில் பச்சைக்காய் உலர்த்தும் வேலைக்கு அவரைப் போட்டார்கள். இரவெல்லாம் விறகுச் சூட்டில் நிற்பார். காலையில் இறங்கி வரும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். அந்தச் சட்டையோடே திண்ணையில் உட்கார்ந்து பந்துக்கு எண்ணெய் போடுவார். இரண்டு வாசமும் கலந்துதான் எனக்குள் இருக்கிறது.

எங்கள் ஊரில் அப்போது கபடி உண்டு, கிட்டி உண்டு, பள்ளிக்கூடத்தில் வாலிபால் உண்டு. கால்பந்தைத் தெருப் பையன்களுக்குப் பழக்கியவர் மாமாதான். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் கரையை ஒட்டிய திடலில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நடக்கும். இரண்டு பக்கமும் கல்லை வைத்துக் கோல் போஸ்ட். எல்லாரும் வெறுங்கால். பெண்பிள்ளைகள் நாங்கள் வேடிக்கை பார்ப்போம். பந்து ஆற்றுக்குள் போனால் ஓடிப்போய் எடுத்து வருவது எங்கள் பங்கு. மாமாவின் மூத்த மகள் மட்டும் எடுத்ததைக் கையால் எறிய மாட்டாள். உதைத்துத்தான் அனுப்புவாள். அவள் உதை நேராக மாமாவின் காலுக்கே போய்ச் சேரும். "இவ ஆம்பளப் புள்ளையா பெறந்திருந்தா டன்பார் மைதானத்துல எறக்கியிருப்பேன்" என்பார். இந்தக் காலமாக இருந்தால் பெண்ணாகவே இறக்கியிருப்பார். இலங்கைக்கு இப்போது பெண்கள் அணியும் இருக்கிறது.

டன்பார் மைதானம் ஹட்டனில் இருப்பது. மாமா பேச்சில் அது வராத நாள் குறைவு. காலையில் பெயர் பதிந்து வேலை பிரித்துவிடும் பெரட்டுக்களம்தான் தோட்டத்துப் பையன்களுக்குச் சாயங்கால மைதானம். கொழுந்து நிறுத்து முடித்ததும் இருட்டும்வரை பந்து. நன்றாக ஆடுகிறவனை டவுனுக்குக் கூட்டிப்போவார்கள். அவன் டன்பாரில் இறங்குவான். அதற்கு மேல் கொழும்பு. கொழும்புக்கு மேல் இலங்கை அணி. மாமா டன்பார் வரை போனவர்.

1952இல் கொழும்பில் நான்கு நாட்டுப் போட்டி நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை. கொழும்புக் கிண்ணம் என்று பெயர். மாமாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. தோட்டத்து கிளாக்கர் வீட்டுக்கு வரும் வீரகேசரியை அவர் வாசலில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. இலங்கைக்கு ஒன்றுமில்லை. அடுத்தடுத்து ரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் அதே போட்டி நடந்தபோது மூன்று தடவையும் இந்தியாதான் வென்றது. "கிளாக்கரய்யா இந்தியா கெலிச்சிருச்சுடான்னு சொல்லும்போது தோட்டத்துல பாதிப்பேரு கைதட்டுனாக. எனக்கு என்னமோ எங்க டீமு தோத்துப்போச்சேன்னு இருந்துச்சு" என்பார் மாமா. எங்க டீமு. அந்த நாட்டில் அவருக்கு ஓட்டில்லை, பாஸ்போர்ட் இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் எந்த நாட்டின் பெயர் போட்ட சட்டையையும் அவர் போட முடியாது. அப்போதும் எங்க டீமு. இந்தியக் குடிமகனாகிப் போடிக்கு வந்து, ரேஷன் கார்டு வாங்கி, ஓட்டுப் போட்ட பிறகும் எங்க டீமுதான்.

ஒரு தடவை மாமா பையன்களையெல்லாம் மூணாறுக்குக் கூட்டிப்போனார். நானும் அப்பாவோடு தொற்றிக்கொண்டேன். பூப்பாறை வழியாக பஸ். ஃபின்லே ஷீல்டு ஆட்டம் பார்க்கத்தான் போனோம். 1940களின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் மலையின் வெள்ளைக்காரத் துரைமார் ஆரம்பித்தது. ஒவ்வொரு தேயிலை எஸ்டேட்டுக்கும் ஒரு டீம். ஆடுகிறவர்கள் தோட்டத் தொழிலாளிகள், பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். இன்றும் நடக்கிறது. பச்சை மலைக்கு நடுவே அந்த மைதானத்தில் சனம் விளிம்பெல்லாம் நின்றிருந்தது. கம்பளியைப் போர்த்திய கிழவிகள்கூட எங்கள் எஸ்டேட், எங்கள் எஸ்டேட் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆடினவர்களில் வெறுங்காலோடு இருந்தவர்களே அதிகம். சேற்றில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்தான் ஒருவன். அவன் முழங்காலில் இரத்தமும் சேறும் ஒன்றாக வழிந்தது. துடைக்காமல் எழுந்து ஓடினான். மாமா அதைப் பார்த்துக்கொண்டே, "இப்படித்தான் தாயி, இப்படித்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊருக்கும் அந்த மலைக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு அந்தக் காலத்தில் ரோப்வே போட்டிருந்தார்கள். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கி இறங்கி, கொட்டகுடியிலிருந்து போடி வந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலை இறங்கி வந்த அந்த வழியில் கால்பந்து மட்டும் ஏனோ எங்கள் ஊருக்கு இறங்கவில்லை. கடல் சுற்றி மாமாவோடு வந்தது.

ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்போது இலங்கை வானொலிதான் எல்லார் வீட்டிலும். மற்றவர்களுக்குப் பாட்டு, மாமாவுக்குச் செய்தி. பாட்டு ஓடும்போது ஆணியடிப்பார், கட்டில் கயிறு இறுக்குவார். செய்தி தொடங்கியதும் கை நின்றுவிடும். கடைசியில் விளையாட்டுச் செய்தியில் உதைபந்தாட்டம் என்ற வார்த்தை வந்தால் எங்களையெல்லாம் கையமர்த்துவார். பெரும்பாலும் தோல்விதான். ஆசியப் போட்டிகளில் மூன்று கோல், ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்பார்கள். மாமா ரேடியோவை அணைத்துவிட்டு, "கோலி நல்லாத்தான் பிடிச்சிருப்பான். முன்னுக்கு ஆடுறவனுக்குப் பந்தே போயிருக்காது" என்று, பார்த்த மாதிரியே சொல்வார்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மேல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த ரேடியோ அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. தங்கையிடமிருந்து கடிதமில்லை. ஹட்டன் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கப்பலும் நின்றுபோனது. போடியில் கடையடைப்பு, ஊர்வலம். மாமா ஊர்வலத்தில் நடந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். பந்தை அந்த மாதங்களில் நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பந்து கேட்ட பையன்களிடம் பிளாடர் ஓட்டை என்று சொல்லிவிட்டார் அத்தை. தங்கை உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்த அன்று மாமா திண்ணையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். நானும் வாசித்தேன். நாலே வரி. வீட்டுக் கூரை போனதையும், எல்லோரும் பத்திரமாக இருப்பதையும், அண்ணன் கவலைப்பட வேண்டாம் என்பதையும் எழுதியிருந்தாள்.

1995 ஏப்ரலில் நடந்ததை நான் என் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஆண்டு தொடக்கத்தில் இலங்கையில் போர்நிறுத்தம் இருந்தது. ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் 19 வரைதான் நீடித்தது. அந்த இடைவெளிக்குள் கொழும்பில் தெற்காசிய தங்கக் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் இந்தியாவும் இலங்கையும். இலங்கை 1-0 என்று வென்றது. தெற்காசியக் கோப்பையை அவர்கள் வென்றது அந்த ஒரு முறைதான். தமிழ்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சின்னச் செய்தியாக வந்தது. மாமா டீக்கடையில் அதைப் பார்த்தார்.

நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது டீக்கடை வாசலில் மாமா பேப்பரை விரித்துப் பிடித்து நின்றிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். விரலால் அந்தச் செய்தியைத் தொட்டுக் காட்டினார். "கெலிச்சிட்டானுங்க தாயி." பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னங்க, அம்புட்டும் பண்ணுனவன் நாடு, நம்ம இந்தியாவத் தோக்கடிச்சிருக்கான், அதுக்கா கண்ணீர் விடுறீக?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு இந்த ஊரில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மாமா கோபப்படவில்லை. பேப்பரை மடித்துக்கொண்டே, "அண்ணே, அம்பத்திரண்டுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எந்தங்கச்சி அங்கனதான் இருக்கா. எங்க ஆயா, எங்கப்பா பொதச்ச மண்ணு. அரசாங்கம் பண்ணுனதுக்கு அந்தப் பயலுக என்ன செய்வானுக?" என்றார். பெஞ்சில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மாமா அன்று டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். கேள்வி கேட்டவரும் வாங்கிக்கொண்டார். எனக்கு பஸ் போய்விட்டது.

நாட்டின் மேல் வைக்கும் பாசத்தை அரசாங்கங்கள் உட்கார்ந்து பிரித்துக்கொடுக்க முடியாது என்பதை மாமாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவர் இந்தியாவுக்கு விசுவாசமாக இருந்தார். கார்கில் சண்டை வந்தபோது ஸ்டோரில் வாங்கிய கூலியை அப்படியே நிதிக்குக் கொடுத்தார். அதோடு இலங்கை அணி ஜெயிக்க வேண்டும் என்றும் விரும்பினார். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. சண்டை இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாரும் வெளியே இருந்தவர்கள்தான்.

மாமா போய் வருஷங்களாயிற்று. அத்தையும் போய்விட்டார். அவர்கள் வந்திறங்கிய மீட்டர்கேஜ் ரயிலும் 2010 முடிவோடு நின்று, தண்டவாளம் மாற்றி, 2023இல்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. ஆற்றங்கரைத் திடலில் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஏலக்காயை எலெக்ட்ரானிக் ஏலத்தில் திரையைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் ஓய்வு பெற்று, செல்போனில் இலங்கை கால்பந்து அணியின் செய்திகளைத் தேடிப் பார்க்கிறவளாக ஆகியிருக்கிறேன். மாமாவுக்காகத் தொடங்கினது, இப்போது எனக்காகவே பார்க்கிறேன்.

அந்த அணி உலகத் தரவரிசையில் இருக்கும் இருநூற்றுச் சொச்ச நாடுகளில் இருநூறை ஒட்டிய இடத்தில்தான் பல வருஷமாக இருக்கிறது. கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நிர்வாகத் தகராறில் 2023இல் ஃபிஃபா ஏழு மாதம்போலத் தடையே போட்டுவிட்டது. ஆனால் பார்க்கிறவளுக்கு அவ்வப்போது ஏதாவது கொடுத்துவிடுகிறார்கள். 2021இல் மாலேயில் இந்தியாவை 0-0 என்று நிறுத்தினார்கள். அடுத்த மாதம் கொழும்பில் நடந்த போட்டியில் மாலத்தீவுக்கு எதிராக நான்கு கோல் பின்தங்கிக் கிடந்து, வசீம் ராசிக் ஒருவனே நான்கு கோல் போட்டு 4-4 ஆக்கினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் லட்சம் பேர்போல இருக்கும் செஷல்ஸ் தீவிடம் பெனால்டியில் தோற்றார்கள். மாமா இருந்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்.

மன்னார்ப் பையன் டக்சன் பியூஸ்லஸ் அந்த அணியின் பின்வரிசையில் ஆடினான். மாமா கப்பலேறிய தலைமன்னார் இருக்கும் அதே மாவட்டம். 2022இல், மாலத்தீவில் கிளப்புக்கு ஆடப் போன இடத்தில் இறந்துபோனான். செய்தி படித்து அன்று முழுக்க மனம் சரியில்லை. முகம் பார்த்திராத பிள்ளைதான். பேரைக் கேட்டதுமே நம் வீட்டுப் பிள்ளை என்று தோன்றிவிட்டது.

இப்போது புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், ஜெர்மனியிலிருந்து அனுஜன் ராஜேந்திரம். அந்தச் சட்டையின் முதுகில் இப்படிப் பெயர்களைப் பார்க்கும்போது, பெரட்டுக்களத்தில் ஆடி டன்பாரோடு நின்றுபோன என் மாமாவை நினைத்துக்கொள்கிறேன். 2024 செப்டம்பரில் கம்போடியாவுக்குப் போய், 2-2 முடிந்து, பெனால்டியில் ஜெயித்து, ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். நான் சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். கடைசிப் பெனால்டி உள்ளே போனதும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்துவிட்டார்.

மாமாவின் தங்கை பேரன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். வாட்ஸப்பில் பேசுவோம். 2025 ஜூனில் கொழும்புக்குப் போய்ச் சீன தைபே ஆட்டத்தை நேரில் பார்த்தான். இலங்கை 3-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்துக்கு வெளியே நின்று கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல், மேளம். "அத்தே, கேக்குதா?" என்று போனைத் தூக்கிப் பிடித்தான். கேட்டது.

பிறகு ஊருக்குப் போய்ச் சேர்ந்து நிதானமாகப் பேசினான். தோட்டத்து லயத்துப் பையன்கள் கொஞ்சப் பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குக் கொண்டுபோகிறானாம். பெட்ரோல் கைக்காசு. "இவனுகள்ல ஒருத்தன் மேல போயிரணும் அத்தே. காலு இருக்கு, பூட்ஸுதான் இல்ல" என்றான். எத்தனை பேர், என்ன அளவு என்று கேட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளிடமே கேட்டுச் சொன்னான். மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டு பேருக்கு ஐந்து, ஒருவனுக்கு ஆறு, கோல் காக்கிறவனுக்கு ஏழு.